விரலம்மாவின் கட்டைவிரல்

எங்கள் அண்ணியிடம் பேசப் போகிறவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போவது நல்லது. இல்லாவிட்டால் கை லேசில் திரும்பி வராது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியிடம் மணி கேட்டாலும் சரி, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினாலும் சரி, பேச்சு முடிகிறவரை எதிராளியின் கை அவள் பிடியில்தான் இருக்கும். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவாள். நகத்தைத் திருப்பிப் பார்ப்பாள். "என்னங்க இது, இப்படி வறண்டு கிடக்கு, கொஞ்சம் எண்ணெய் தடவக் கூடாதா?" என்பாள். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த அன்றே என் கையைப் பிடித்துப் பார்த்து, நான் நகம் கடிக்கிறவள் என்பதை எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஒரே ஒரு நாத்தனார் நான், அதுவும் வயதில் மூத்தவள். கொஞ்சமாவது பயம் வேண்டாமா?

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அழகு நிலையத்தில் வேலை பார்த்தாள். காலையில் போய் உட்கார்ந்தால் இருட்டுகிறவரை ஊர்ப் பெண்களின் கையைப் பிடித்து நகம் வெட்டுவதும் சாயம் பூசுவதும்தான். பாலத்து அலுவலகத்தில் விரல் பதிவு செய்ய ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இவளும் போய் நின்றாள். முன் அனுபவம் ஏதாவது உண்டா என்று கேட்டார்களாம். "ஊர்ல நான் பிடிக்காத கையே இல்லைங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் சிரித்துவிட்டார்கள், வேலை கிடைத்துவிட்டது. எனக்கு அதே அலுவலகத்தில் ஏற்கெனவே வேலை இருந்தது. கூடத்தில் நின்று டோக்கன் எண்ணைக் கூப்பிட வேண்டும். சத்தம் போடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். வீட்டிலும் சம்பளமில்லாமல் அதையே செய்கிறேன் என்று அண்ணன் சொல்லுவான், அவன் கிடக்கிறான்.

அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் நாடு, அந்தப் பக்கம் அவர்கள் நாடு. பாலத்தின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு. ஒரு காலத்தில் கடத்தல்காரர்களுக்கு அந்தக் கோடுதான் குலதெய்வம். சிகரெட் மூட்டையோடு ஒருவன் ஓடுவான், எங்கள் காவலர்கள் துரத்துவார்கள், அவன் கோட்டைத் தாண்டியதும் நின்று, நிதானமாகக் குனிந்து, செருப்பு வாரை மாட்டிக்கொள்வான். எங்கள் ஆட்கள் கோட்டின் மேல் கால் விரல் படாமல் நின்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத் திரும்புவார்கள். அந்தப் பக்கத்துப் போலீசுக்கும் இதே கதிதான். மூட்டையைக் கடத்தியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் இரண்டு நாட்டுக்கும் அப்பால் ஒரு தேசத்தில் சண்டை மூண்டு ஜனங்கள் ஓடிவரத் தொடங்கியதும், இந்தக் கிராதகர்கள் மனிதர்களையும் லாரியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். காய்கறிப் பெட்டிகளுக்குப் பின்னால் பிள்ளைகுட்டிகளோடு மூச்சுமுட்ட உட்காரவைத்துக் கொண்டுவந்து, எங்கே தோன்றுகிறதோ அங்கே இறக்கிவிட்டுக் கம்பி நீட்டிவிடுவார்கள். கணவன் ஒரு கரையில், மனைவி மறு கரையில் என்று எத்தனையோ குடும்பங்கள் சிதறிப்போயின.

அப்புறம்தான் இரண்டு அரசுகளுக்கும் புத்தி வந்து ஒப்பந்தம் போட்டன. பாலத்தின் நடுவிலேயே ஒரு கூட்டு அலுவலகம் கட்டினார்கள். மஞ்சள் கோடு கூடத்துக்குள் நுழைந்து, பெரிய மேசைக்கு அடியில் போய், பின்பக்கச் சுவர்வரை ஓடுகிறது. மேசையின் இந்தப் பக்கம் எங்கள் அதிகாரி, அந்தப் பக்கம் அவர்கள் அதிகாரி. மின்விசிறி அவர்கள் அரசு வாங்கிக் கொடுத்தது, அதன் சுவிட்ச் எங்கள் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. வெயில் காலத்தில் இரண்டு நாடுகளும் ஒத்துழைத்தே தீர வேண்டும். முக்கியமான ஏற்பாடு விரல் பதிவுதான். ஒரு கரையில் வைத்த விரல் அந்த நிமிடமே மறு கரையிலும் தெரியும். அகதிகள் என்றால் பாதுகாப்புக்கு, கடத்தல்காரர்கள் என்றால் கைவிலங்குக்கு.

அண்ணி அந்த இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு அதற்கே ஒரு களை வந்தது. சின்னக் கண்ணாடிப் பலகை, பக்கத்தில் ஒரு கேமரா, ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான். ஆனால் பயந்த கை அதில் சரியாகப் பதியாது. விறைத்துக்கொள்ளும், வியர்க்கும், நழுவும். இவள் முதலில் கையை வாங்கிக்கொள்வாள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைப்பாள். "எங்கே இருந்து வர்றீங்க, எத்தனை பிள்ளைங்க, சாப்பிட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டே விரலை நீவுவாள். அந்தக் கை எப்போது தளர்ந்தது, எப்போது பதிந்தது என்று கைக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. எங்கள் கரை அகதி முகாமில் அவளுக்கு விரலம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கும் ஒரு பெயர் வைத்திருப்பதாகக் கேள்வி. அது என்னவென்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு தடவை பலே கில்லாடி ஒருவன் வந்தான். இரண்டு கரையிலும் வெவ்வேறு பெயரில் திரிந்தவன். விரல் நுனியில் எல்லாம் பிசினைத் தடவிக் காயவைத்துக்கொண்டு, பரம சாது போல வரிசையில் நின்றான். அண்ணிக்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாவம், யாரோ ஒட்டுவேலை செய்கிறவன் போலிருக்கிறது என்று நினைத்து, சோப்புத் தண்ணீரில் அவன் கையை முக்கி, தேய்த்து, ஒவ்வொரு விரலாகச் சுத்தம் செய்தாள். அவன் "வேண்டாம்மா, வேண்டாம்மா" என்று கையை இழுக்கிறான். "சும்மா இருங்க தம்பி, தோல் உரிஞ்சிடும்" என்று இவள் விடவில்லை. விரலை வைத்ததும் இரண்டு நாட்டுக் கணினியும் ஒரே நேரத்தில் கத்தின. போலீஸ்காரர்கள் அவனைக் கொண்டுபோகும்போது, "எண்ணெய் தடவிக்கோங்க தம்பி" என்று பின்னாலிருந்து சொன்னாள். அன்று கூடத்தில் சிரிக்காத ஆளில்லை, அவனைத் தவிர.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அதுதான் பின்னால் வினையாக வந்து முடிந்தது. யாராவது இயந்திரத்தைக் கண்டு மிரண்டால், முதலில் தன் கட்டைவிரலை அந்தக் கண்ணாடியில் வைத்துக் காட்டுவாள். "பாருங்க, கடிக்குதா? இல்லைல்ல? இப்ப நீங்க வைங்க" என்பாள். இயந்திரம் அவள் விரலைப் பதிந்துகொள்ளும், அவள் உடனே ரத்துப் பொத்தானை அமுக்கிவிடுவாள். விதிப்படி இது தப்பு. பதிவு செய்கிற ஊழியர் தன் விரலைக் கண்ணாடியில் வைத்தால் வேலை போகும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நானும் தலைதலையாக அடித்துக்கொண்டேன். "அண்ணி, என்னைக்காவது ஒருநாள் பொத்தானை அமுக்க மறந்து மாட்டிக்கப் போற" என்றேன். "நீ டோக்கனைக் கூப்பிடு" என்றாள்.

கொத்தனார் வந்தது ஒரு மழைக்காலத்தில். லாரியில் வந்து எங்கள் கரையில் இறக்கிவிடப்பட்டவர். எலும்பும் தோலுமாக, முகம் தெரியாமல் தாடி மண்டிப்போய், கண் மட்டும் வெளியே தெரிந்தது. நிறைமாதமாக இருந்த மனைவியை "அடுத்த வண்டியில் வசதியாக அனுப்புகிறோம்" என்று சொல்லிப் பிரித்திருக்கிறார்கள். அந்த வண்டி அக்கரைக்குப் போய்விட்டது. அவர் ஊரில் விரல் பதிவு செய்ய அழைத்துப் போனவர்கள் வீடு திரும்பியதில்லையாம். அதனால் கண்ணாடியைப் பார்த்ததும் கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டு நின்றார். அண்ணி அந்தக் கையை வெளியே எடுப்பதற்கே வெகுநேரம் ஆனது. எடுத்துப் பார்த்தால், சிமெண்டும் சுண்ணாம்பும் தின்று தின்று விரல் வழவழவென்று இருக்கிறது. அப்படித் தேய்ந்த கைக்காரர்களுக்கு ஒரே ஒரு கட்டைவிரல் போதும் என்று ஒப்பந்தத்தில் சலுகை உண்டு.

"பாருங்கண்ணே, கடிக்குதா?" என்று வழக்கம்போல் தன் விரலை வைத்துக் காட்டினாள்.

"கடிக்கல. உங்க மேல அதுக்கு மரியாதை இருக்கும். என்னைய எப்படின்னு தெரியலயே" என்றார் கொத்தனார். சொல்லிவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக, லேசாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த சந்தோஷத்தில் அண்ணி எழுந்தே நின்றுவிட்டாள். "சிரிச்சுட்டாரு, சிரிச்சுட்டாரு" என்று எனக்குக் கைகாட்டினாள். பிறகு உட்கார்ந்து, அவர் விரலை வாங்கி வைத்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து அவரை அனுப்பிவைத்தாள். நானும் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு கொத்தனார் எங்கள் ஊரிலேயே கட்டட வேலைக்குப் போனார். உடம்பு தேறியது, தாடி போய் மீசை வந்தது. அக்கரை முகாமில் அவர் மனைவி பத்திரமாக இருக்கிறாள், பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று கூட்டு அலுவலகத்தின் மூலம்தான் தகவல் கிடைத்தது. குடும்பத்தைச் சேர்த்துவைக்க மனு போட்டார். மனு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடையாய் நடந்தது. குழந்தை நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்ட பிறகுதான் இரண்டு அரசுகளும் சரி என்றன. சேர்த்துவைக்கும் நாளில் இரண்டு அதிகாரிகளும் மேசையில் இருக்க வேண்டும், அவர்கள் கண் முன்னால் கணவன் விரல் வைக்க வேண்டும், பதிவோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் மனைவியும் பிள்ளையும் கோட்டைத் தாண்டி வரலாம்.

அந்த நாளில் கொத்தனார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு விடிந்ததுமே வந்துவிட்டார். சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை, கடையில் குத்திய குண்டூசி ஒன்று காலரிலேயே இருந்தது. அண்ணிதான் அதைப் பிடுங்கினாள். அவருக்குப் பேச்சே வரவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தாரோ என்னவோ, எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பக்கக் கதவு திறந்து மனைவி வந்தாள். அவளுடைய சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பாப்பா. மனைவி அவரைப் பார்த்த பார்வையில் நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட மறந்துவிட்டேன். நான் அப்படி லேசில் மறக்கிற ரகம் இல்லை. பாப்பா மட்டும் அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

கொத்தனார் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. அண்ணி துணியை நனைத்துத் துடைத்தாள், எண்ணெய் தொட்டு நீவினாள், மறுபடியும் வைத்தாள். சிவப்பு. திரையில் "வேறு நபர்" என்று வந்தது.

எங்கள் அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் விதிமுறை இல்லாமல் தும்மக்கூட மாட்டார். அவர் முகம் மாறியதற்குக் காரணம் இருந்தது. போன முறை இதே மேசையில் கடத்தல் கும்பல் ஒன்று யாரோ ஒருவனுக்குக் காசு வாங்கிக்கொண்டு கணவன் வேஷம் போட்டு அனுப்பியிருந்தது. அந்தப் பெண்ணையும் மிரட்டி, "இவர்தான் என் வீட்டுக்காரர்" என்று அழவைத்திருந்தார்கள். விரல்தான் காட்டிக்கொடுத்தது.

"நீங்க யாரு? உண்மையைச் சொல்லிடுங்க" என்றார் எங்கள் அதிகாரி.

கொத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"இவருதாங்க, சத்தியமா இவருதாங்க" என்றாள் மனைவி.

அக்கரை அதிகாரி ஒரு பெண். நாங்கள் மேடம் என்போம். "போன தடவையும் ஒரு பொண்ணு இப்படித்தாம்மா சொன்னாங்க" என்று வருத்தமாகச் சொன்னார். "விரல் சேரலைன்னா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. இவரைக் காவல்ல வெச்சு விசாரிக்கணும். உங்க மனுவை மூடிடணும்."

மனு மூடினால் மூடினதுதான். திறக்க முடியாது. மனைவி பாப்பாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். வாசலில் நின்ற போலீஸ்காரர் கொத்தனார் பக்கம் நகர்ந்தார்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வாயைத் திறந்தால் இவள் வேலை போய்விடும், இன்னும் என்னவெல்லாம் ஆகுமோ. திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அண்ணி, பேசாமல் இரு என்று சொல்ல வேண்டும்போல ஒரு கணம் இருந்தது. அடுத்த கணம், பேசித் தொலையேன் என்றும் இருந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள். "என் விரலை வெச்சுப் பார்க்கிறேன்."

"உங்க விரலை எதுக்கும்மா?"

அவள் கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தாள். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. திரையில் தாடி மண்டிய ஒரு முகம் வந்தது. அதற்குக் கீழே, தொழில்: கொத்தனார். பால்: ஆண். மணமானவர், மனைவி அக்கரை முகாமில்.

மேடம்தான் முதலில் சிரித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டார். எங்கள் அதிகாரி திரையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். "இந்தப் பதிவின்படி, அந்தம்மாவுக்கு வீட்டுக்காரர் நீங்கதான்" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

"என் தப்புதான் சார். பயந்துட்டிருந்தார், வெச்சுக் காட்டினேன். ரத்து பண்ண மறந்துட்டேன். என்னை என்ன வேணா செய்யுங்க, அந்தக் குடும்பத்தைப் பிரிச்சுடாதீங்க" என்றாள் அண்ணி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழும்போதும் பக்கத்திலிருந்த கொத்தனாரின் கையை அவள் விடவில்லை.

அவளுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போகும். இரண்டு அரசுகளும் தனித்தனியாக எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தன. வேலை தப்பியது. பதிவை அழிக்க இரண்டு நாட்டுத் தலைநகரமும் சம்மதிக்க வேண்டுமாம், அதற்கு ஏகப்பட்ட நாள் ஆனது. அதுவரைக்கும் எங்கள் அண்ணி இரண்டு நாட்டுக் கணினியிலும் கொத்தனார்தான். அண்ணனுக்குக் கொண்டாட்டம். அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "கொத்தனாரே, சமையலறைச் சுவத்துல விரிசல் விட்டிருக்கு, கொஞ்சம் பாருங்க" என்பான். அவளும் சளைத்தவளா? ஒருநாள் நிஜமாகவே சிமெண்டைக் குழைத்து விரிசலைப் பூசிவிட்டு, அவன் தட்டில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டி, "கூலியை எடு" என்றாள். அந்தப் பூச்சு இன்னும் மேடாகத்தான் இருக்கிறது, துணி உரசினால் கிழியும்.

கூடத்துக்குத் திரும்புகிறேன். அண்ணியின் தப்பு வெளியே வந்துவிட்டதே தவிர, கொத்தனாரின் கஷ்டம் தீரவில்லை. பதிவில் அவர் விரலே இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் இவர்தான் அவர் என்பதற்கு என்ன சாட்சி? திரையிலிருந்த தாடி முகத்துக்கும் எதிரே நின்ற மீசை முகத்துக்கும் சம்பந்தம் இருப்பதாகச் சொல்ல எனக்கே தைரியம் வரவில்லை. இரண்டு அதிகாரிகளும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தைப் புரட்டினார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் வேறு ஒரு சாட்சி இருந்தால் அங்கேயே புதிதாக விரலைப் பதிந்துவிடலாம் என்று ஒரு வழி இருந்தது. சாட்சிக்கு எங்கே போவது?

"குழந்தையைப் பாருங்க மேடம்" என்றார் எங்கள் அதிகாரி. "பெத்த அப்பான்னா இந்நேரம் ஓடிப்போய் ஒட்டிக்கிட்டிருக்கும். இது எட்டிக்கூடப் பார்க்கல."

எனக்கு வந்ததே கோபம். அதிகாரி என்றும் பார்க்காமல், "அது பிறந்ததே அக்கரையில சார், எங்கே போய்ப் பார்த்திருக்கும்?" என்று கூடமே திரும்பும்படி கத்திவிட்டேன். தொண்டை எனக்குச் சோறு போடுகிறது, எப்போதாவது உபயோகமாகவும் இருக்கிறது.

"ஆமாங்க" என்று மனைவி முன்னால் வந்தாள். "எங்க முகாம்ல கேமரா போனெல்லாம் விடமாட்டாங்க. ஆபீஸ்ல இருக்கிற பழைய போன்லதான் பேசுவாரு. பாப்பாவுக்கு அவர் முகம் தெரியாதுங்க. குரல்தான் தெரியும்."

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப பேசச் சொல்லலாமே."

"ஒரே ஒருத்தர் பேசினா அது சோதனையாகாது" என்றார் எங்கள் அதிகாரி. "நாலு பேர் பேசணும். குழந்தை பார்க்கக் கூடாது. பேசுற வார்த்தையும் ஒண்ணாவே இருக்கணும்." சொன்னபடியே எழுந்து, கொத்தனாரையும் போலீஸ்காரரையும் ஜீப் டிரைவரையும் உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த பின்னறைக்குக் கூட்டிப்போனார். நாலாவது ஆள் கிடைக்காததால் தானும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி வாயே திறக்கக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். அவள் கோட்டின் அந்தப் பக்கத்திலேயே, அண்ணிக்கு எதிரில் வந்து நின்றாள். அவள் கையும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

முதலில் போலீஸ்காரர். "பாப்பா, சாப்பிட்டியா?" என்று ஆளை அதட்டுகிற குரலில் கேட்டார். பாப்பா அம்மாவின் முந்தானைக்குள் போனது. அடுத்தது டிரைவர். பாப்பா அசையவில்லை. அதற்கடுத்து எங்கள் அதிகாரி. ஜென்மத்தில் யாரையும் அப்படிக் கேட்டிராதவர், உத்தரவு வாசிப்பதுபோல் "பாப்பா. சாப்பிட்டியா" என்றார். பாப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேடம் கர்ச்சீப்பைத் தேடினார்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. கதவுக்குப் பின்னால் கொத்தனார் நிற்கிறார், அவருக்குக் குரல் எழும்பவில்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணி அவள் விரலை நீவிக்கொண்டே இருந்தாள். பேசுங்க அண்ணே, பேசுங்க என்று நான் வாய்க்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. "பாப்பா" என்றது ஒரு குரல், உடைந்துபோய். கொஞ்சம் பொறுத்து, "பாப்பா, சாப்பிட்டியா?"

முந்தானை விலகியது. பாப்பா தலையைச் சாய்த்துக் கேட்டது. அப்புறம் யார் கையிலும் அகப்படாமல் குடுகுடுவென்று ஓடியது. மஞ்சள் கோட்டை அது பார்க்கக்கூட இல்லை, தாண்டி எங்கள் நாட்டுக்குள் வந்துவிட்டது. இரண்டு அரசுகளில் ஒன்றும் தடுக்கவில்லை. கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, "சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா அப்பா?" என்றது.

"இன்னும் இல்லடா" என்றது குரல்.

"ஏன் சாப்பிடல? வேலையா?"

"ஆமாண்டா. இன்னைக்குக் கொஞ்சம் வேலை."

பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. கைப்பிடியைத் தொங்கிப் பிடித்துக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தது. உள்ளே கொத்தனார் அழுத முகத்தோடு குனிந்து நின்றார். பாப்பா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. சட்டென்று கதவைச் சாத்திவிட்டது. கதவின் இடுக்கில் வாயை வைத்து, ரகசியமாக, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது: "அப்பா, உன் பக்கத்துல ஒரு மீசை மாமா நிக்கிறாரு. அவரைப் போகச் சொல்லு."

எங்கள் அதிகாரி பின்னறையிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மேடம் இந்த முறை சிரிக்கவில்லை. எழுந்து வந்து, மனைவியின் தோளில் கைவைத்து, "போங்கம்மா" என்றார். அவள் அண்ணியின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அவர் போகமாட்டாருடா" என்றது உள்ளேயிருந்து குரல்.

"ஏன்?"

"அவருக்கு வேற போக்கிடம் கிடையாது. நீ பயப்படாத. நான் பேசிக்கிட்டே இருக்கேன், சரியா? பேசிக்கிட்டே கதவைத் திறக்கிறேன். நீ என் பேச்சை மட்டும் கேளு."

கதவு மெல்லத் திறந்தது. கொத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தார், பாப்பாவின் உயரத்துக்கு. பேச்சை நிறுத்தவில்லை. சாப்பிட என்ன வேண்டும், யார் ஊட்டிவிடுவார்கள், கட்டிக்கொண்டிருக்கிற புது வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று எதையெதையோ சொல்லிக்கொண்டே இருந்தார். பாப்பா கிட்டே போய், அவர் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு கையை நீட்டி அந்த வாயைப் பொத்தியது. பேச்சு நின்றது. கையை எடுத்தது. பேச்சு வந்தது. இன்னொரு தடவை பொத்திப் பார்த்து, எடுத்துப் பார்த்து, திரும்பி அம்மாவிடம் சொன்னது:

"அம்மா, அப்பா இதுக்குள்ளதான் இருக்காரு."